பெட்டி வந்தாச்சா?

1931 அக்டோபர் கடைசியில் பம்பாயிலிருந்து ரயிலில் சென்னைக்கு ஒரு பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் டைரக்டர் எச்.எம். ரெட்டி. உள்ளே இருந்தது ‘காளிதாஸ்’, தமிழ் பேசிக்கொண்டு வந்த முதல் படம். ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். அங்கிருந்து வால்டாக்ஸ் சாலையில் இருந்த கினிமா சென்ட்ரல் கொட்டகை வரைக்கும் பெட்டியின் பின்னாலேயே நடந்தார்கள். வழியெல்லாம் பூ, தேங்காய், ஊதுபத்தி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியின் முகத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே, அந்த முகம் அடைபட்டிருந்த பெட்டிக்கு ஜனங்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தின் காப்பி இன்று ஒன்றுகூட மிச்சமில்லை.

சென்னைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவை எழுத உட்காருகிறவர்கள் நட்சத்திரங்களில் தொடங்கி முதலமைச்சர்களில் கொண்டுபோய் முடிப்பார்கள். அது எல்லோருக்கும் மனப்பாடமான கதை. நான் சொல்ல வந்தது பெட்டியின் கதை. கோடம்பாக்கத்தில் பிறந்து, மீரான் சாகிப் தெருவில் பேரம் பேசப்பட்டு, பஸ் கூரையிலும் ரயில் பிரேக் வேனிலும் சைக்கிள் கேரியரிலும் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் உயிரை விட்ட தகரப் பெட்டி. சென்னையிலிருந்து கிளம்பிய பொருள்களில் இதைப் போல ஊர் சுற்றியது வேறொன்றும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். புரொஜெக்டர் நொடிக்கு 24 கட்டம் ஓட்டும். ஆக நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி கொண்டது ஒரு ரீல். பதினோரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினாலு ரீல். இழுத்து நீட்டினால் நாலு கிலோமீட்டருக்கு மேல், சென்ட்ரலிலிருந்து ஆயிரம் விளக்குப் பக்கம் வரை வரும். ரீல் ஒன்று தகர டப்பா இல்லாமலே இரண்டே கால், இரண்டரை கிலோ தேறும். பதினாலு ரீலையும் டப்பாவோடு அடுக்கினால் ஒரு ஆள் தூக்க முடியாது. அதனால் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று பெட்டி. இருந்தாலும் பேச்சில் அது என்றைக்கும் ஒருமைதான்: “பெட்டி வந்தாச்சா?”

படம் தொடங்குமுன் திரையில் விழும் சென்சார் சர்டிபிகேட்டில் ரீல் எண்ணிக்கை எழுதியிருக்கும். பையன்கள் மற்ற எதையும் படிக்க மாட்டார்கள், அந்த எண்ணை மட்டும் பார்ப்பார்கள். 18 என்று இருந்தால் விசில் பறக்கும். கொடுத்த காசுக்குப் படம் நீளம்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனேதான். 1905-ல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் திரும்பவிருந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுநாதர் வாழ்க்கை அதில் ஒன்று. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். வாடகை, விநியோகம் என்ற பேச்சே அப்போது கிடையாது. பிலிமை விலைக்கு வாங்க வேண்டும், அது கிழிந்து தீரும் வரை ஓட்ட வேண்டும். அலைந்த வின்சென்ட் பிறகு கோயம்புத்தூரில் நிலைகொண்டு வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர் நின்றுவிட்டது.

பேசும் படம் வந்த புதிதில் பெட்டி வெளியூரிலிருந்துதான் சென்னைக்கு வரும். பம்பாய், கல்கத்தா, கோலாப்பூர் என்று நடிகர்கள் கும்பலாக ரயிலேறிப் போய் நடித்துவிட்டு வருவார்கள்; அவர்கள் பின்னால் பெட்டி வரும். 1934-ல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாஸா சினிடோன் ஸ்டூடியோவை ஏற்படுத்தி ‘ஸ்ரீநிவாஸ கல்யாணம்’ எடுத்த பிறகு பயணத்தின் திசை மாறத் தொடங்கியது. அடுத்த பதினைந்து வருஷத்தில் வாஹினி, ஏவி.எம்., ஜெமினி என்று வந்து, பெட்டி அனுப்பும் ஊராகச் சென்னை ஆகிவிட்டது. தமிழ் மட்டுமா? தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி எல்லாம் இங்கிருந்துதான் போயின. 1948-ல் ஜெமினி வாசன் ‘சந்திரலேகா’வை இந்தியிலும் விட்டபோது 603 காப்பி போட்டார் என்பது சினிமா வரலாற்றில் பதிவான கணக்கு. அன்றைக்கு இந்தியாவில் யாரும் அப்படி ஒரு கணக்கை நினைத்தும் பார்த்ததில்லை. இதில் மதுரைக்கும் ஒரு பெருமை உண்டு: இலங்கையின் முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ மதுரை சித்ரகலா ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு 1947-ல் கொழும்புக்குப் பெட்டியாகப் போனது.

அப்போதைய பிலிம் நைட்ரேட். சட்டெனப் பற்றிக்கொள்ளும், பற்றினால் எரிவதற்கு வெளிக்காற்றே வேண்டாம், தண்ணீருக்கடியிலும் எரியும். அதனால்தான் பழைய கொட்டகைகளில் ஆபரேட்டர் ரூம் மட்டும் கெட்டிச் சுவரோடு தனியாக இருக்கும். படம் விழும் துவாரங்களுக்கு இரும்பு மூடி, மூலையில் மணல் வாளி. டைரக்டர் கே. சுப்ரமணியத்தின் மவுண்ட் ரோடு ஸ்டூடியோ தீப்பிடித்து, ஏலத்துக்கு வந்து, வாசன் கைக்குப் போய்த்தான் ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. 1950-களின் தொடக்கத்தில்தான் எளிதில் தீப்பிடிக்காத அசிட்டேட் பிலிம் பரவலாக வந்தது.

பெட்டி பிறக்கும் இடம் லேப். படத்தின் நெகட்டிவ் ஒன்று, ஒலியின் நெகட்டிவ் ஒன்று, இரண்டையும் ஒரே பாசிட்டிவில் சேர்த்து அச்சிட்டால் அது ‘மேரீட் பிரிண்ட்’. முதலில் எடுப்பது ஃபர்ஸ்ட் காப்பி. அதைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே கோடம்பாக்கத்தில் படத்தின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் எல்லாம் இங்கேயே நடந்தது. கலர் வந்தபோது பெட்டி மறுபடி வெளியூர்க்காரனானது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பிரிண்டுகள் லண்டன் டெக்னிகலரில் எடுத்தவை. பிறகு ஜெமினி, விஜயா, ஏவி.எம்., பிரசாத் என்று கலர் லேப்கள் வந்து அந்த வேலையைச் சென்னைக்குள் கொண்டுவந்தன.

லேபுக்கு இன்னொரு வேஷமும் உண்டு. ஏறக்குறைய அது ஒரு அடகுக் கடை. தயாரிப்பாளர் பைனான்சியரிடம் கடன் வாங்கும்போது, அந்தப் பைனான்சியரின் அனுமதி இல்லாமல் காப்பி வெளியே போகாது என்று லேப் எழுதிக் கொடுக்கும். அதற்கு ‘லேப் லெட்டர்’ என்று பெயர். நெகட்டிவ் லேபில் தூங்கும், அதன் சாவி பைனான்சியரிடம். ஆகவே ரிலீசுக்கு முந்தின ராத்திரி கோடம்பாக்கம் லேப் வாசல்களில் நடந்த நாடகங்களை எந்த டைரக்டரும் எடுத்ததில்லை. உள்ளே பாக்கிக் கணக்கு நடக்கும். வெளியே ஒவ்வொரு ஏரியாவின் ஆளும் டாக்சியோடு நிற்பார். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு கையெழுத்து விழும். பெட்டிகள் ஏறும். திருநெல்வேலிப் பெட்டி நாலு மணிக்குக் கிளம்பினால் காலைக் காட்சி போச்சு, மத்தியானக் காட்சியும் சந்தேகம். அங்கே கொட்டகை வாசலில் தோரணம் கட்டிவிட்டு நிற்கிற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணாடி உடைந்த பிறகு மேனேஜர் வெளியே வந்து சொல்லும் காரணம் இரண்டே சொல்: “பெட்டி வரல.”

வியாபாரம் பேசிய இடம் மவுண்ட் ரோடை ஒட்டிய மீரான் சாகிப் தெரு. நீளமும் அகலமும் பெரிதில்லாத அந்தத் தெருவில்தான் விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சுவரெல்லாம் போஸ்டர், மாடிப்படியெல்லாம் பெட்டி. தமிழ்நாட்டை அங்கே வேறு விதமாக வெட்டி வைத்திருந்தார்கள். சென்னை நகரம் தனி. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்.எஸ்.சி. மதுரை-ராமநாதபுரம் எம்.ஆர்., திருச்சி-தஞ்சாவூர் டி.டி., திருநெல்வேலி-கன்னியாகுமரி டி.கே., பிறகு கோவை, சேலம். அரசாங்கம் மாவட்டங்களை எத்தனை முறை பிரித்தாலும், பெயர் மாற்றினாலும், சினிமாக்காரர்கள் அசையவே இல்லை. வட ஆற்காடு மாவட்டம் மறைந்து பல வருஷம் ஆகியும் என்.எஸ்.சி. என்ன விலைக்குப் போனது என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். பழைய மெட்ராஸ் ராஜ்யத்தின் வரைபடம் உயிரோடு இருக்கும் ஒரே இடம் தமிழ் சினிமா வியாபாரம் என்று சொன்னால் தப்பில்லை.

வாங்குவதிலும் வகைகள். இத்தனை லட்சம் கட்டாயம் என்றால் மினிமம் கேரண்டி. மொத்தமாகக் கொடுத்துவிட்டு லாப நஷ்டம் உன் பாடு என்றால் அவுட்ரேட். விலை பேசியாயிற்று என்றால் எத்தனை பெட்டி என்பது அடுத்த பேரம். ஒரு பிரிண்டின் விலை கடைசிக் காலத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. எனவே பெட்டிகளைக் கஞ்சத்தனமாகத்தான் போடுவார்கள். முதலில் ஏ சென்டர், அதாவது மதுரை, கோவை போன்ற ஊர்கள். மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரும் கொட்டகை என்றால் பெட்டி அங்கே குடித்தனமே நடத்தும். 1952 தீபாவளிக்கு அந்தத் தியேட்டர் திறந்ததே ‘பராசக்தி’ பெட்டியோடுதான். சென்னை பிராட்வேயில் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி பார்த்தது. அத்தனை நாளும் ஒரே பிரிண்ட் தாங்கியிருக்காது. கதாநாயகன் பாகவதர் அப்படியே இருக்க, பெட்டி உள்ளே மாறிக்கொண்டே இருந்திருக்கும்.

ஏ சென்டரில் கூட்டம் குறைந்ததும் ஷிஃப்டிங். பெட்டி பி சென்டருக்குப் போகும், பிறகு சி சென்டர், கடைசியில் டூரிங் டாக்கீஸ். தேவகோட்டைக்காரர் ஒரு படத்தைச் சென்னைக்காரருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் பார்ப்பார். பார்ப்பதும் அதே படம் என்று சொல்ல முடியாது. காரணத்தைப் புரிந்துகொள்ள ஆபரேட்டர் ரூமுக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும்.

பெட்டி வந்து இறங்கியதும் ஆபரேட்டர் டப்பாக்களை நம்பர்படி அடுக்குவார். பிறகு ஒவ்வொரு ரீலையும் ரீவைண்டரில் மாட்டி, இடது கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, பிலிமின் இரு விளிம்பையும் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிடுவார். கண் வேறெங்கோ இருக்கும். ஓரத் துளை கிழிந்திருந்தால் விரலில் சுருக்கென்று படும். நிறுத்துவார். கிழிந்த இடத்தைக் கத்தரித்து, ஒரு முனையின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தூரிகையால் தடவி, இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்து மனசுக்குள் எண்ணுவார். அறையில் ஒரு காரமான மணம் பரவும். ஒட்டு விழுந்தாயிற்று. ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு மூன்று கட்டம் பலி. சென்னையில் 14,000 அடியாகப் பிறந்த பெட்டி, ஊர் ஊராய்ப் போகப் போகக் குள்ளமாகும். வில்லன் கை ஓங்குவான், அடுத்த நொடி கதாநாயகன் தரையில் கிடப்பான். நடுவில் விழுந்த அடி ஏதோ ஒரு ஊர் ஆபரேட்டர் ரூமில் குப்பையாய்க் கிடக்கும். அந்தக் குப்பைதான் வெளியே பையன்களுக்குச் சொத்து. எம்.ஜி.ஆர். இருக்கும் கட்டத்துக்கு ஒரு விலை, காமெடியன் கட்டத்துக்கு ஒரு விலை. வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, லென்சுக்குப் பின்னால் அந்தத் துண்டை வைத்து, வேட்டித் திரையில் காட்டி அரைக்காசு வசூல் பண்ணாத தெரு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

ரீல் முடியப்போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அது வந்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடி கழித்து இரண்டாவது புள்ளி. அதில் மாற்ற வேண்டும். நல்ல ஆபரேட்டர் மாற்றுவது ஜனங்களுக்குத் தெரியாது. டூரிங் கொட்டகையில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ஒரே புரொஜெக்டர்தான். சேர்த்து மாட்டிய ரீல்கள் தீர்ந்தால் விளக்கைப் போடுவார்கள், முறுக்கும் கலரும் விற்பார்கள். ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்கு அதில் புகார் ஒன்றும் இருந்ததில்லை.

பெட்டிக்குப் பஞ்சம் வந்தபோது ஒரே பெட்டியில் இரண்டு கொட்டகை ஓட்டுவார்கள். இங்கே ஆறரைக்குத் தொடங்கும், அங்கே ஏழேகாலுக்கு. முடிந்த ரீலைச் சைக்கிளில் வைத்து ஒரு பையன் பறப்பான். லெவல் கிராசிங் மூடியிருந்தால் அந்தக் கொட்டகையில் விளக்கு எரியும், விசிலும் கூச்சலும் கேட்கும். அன்றைய தமிழ்நாட்டில் மிகுந்த பொறுப்பு சுமந்த பதின்வயதுக்காரன் அவன்தான்.

பெட்டியோடு கம்பெனி ரெப்ரசென்டேட்டிவும் வருவார். ஊருக்கு அவர் ‘ரெப்பு’. கொட்டகை அருகே ஏதாவது லாட்ஜில் தங்குவார். டிக்கெட் புத்தகத்தின் தொடக்க நம்பரும் முடிவு நம்பரும் பார்ப்பார், அன்றன்றைய வசூல் கணக்கைச் சென்னைக்கு எழுதுவார். தியேட்டர்காரர்கள் அவரை உபசரிப்பார்கள், உள்ளுக்குள் திட்டுவார்கள். சினிமாவில் நடிகராக ஆசைப்பட்டுச் சென்னைக்கு வந்து, ரெப்பாகவே காலம் தள்ளி ஓய்ந்தவர்கள் கணக்கில்லாமல் உண்டு. தமிழ் சினிமாவின் உண்மையான வசூல் சரித்திரம் அவர்கள் தலைக்குள் இருந்தது. அதை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

பெட்டிக்கு முன்னால் ஊருக்குள் காகிதம் போகும். சிவகாசியில் அச்சான போஸ்டர், குதிரை வண்டியில் கொட்டடித்துக்கொண்டு வீசிய பிட் நோட்டீஸ், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், தினசரிகளில் ‘இன்று முதல்’ என்று கொட்டகைப் பெயர்களோடு வந்த விளம்பரம். இவை எல்லாம் பெட்டியின் எடுபிடிகள். வேடிக்கை என்னவென்றால், எஜமானர் போய்விட்டார், எடுபிடிகள் பிழைத்துக்கொண்டன. இன்றைக்குப் பல பழைய படங்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் காலணா பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சான கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும்தான். அவற்றைச் சேர்த்து வைத்ததற்கும் சர்க்காரோ ஸ்டூடியோவோ காரணமில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகப் பித்தர். அவர் சேகரிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் தயவால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது, பாட்டுப் புத்தகங்கள் உட்பட. ‘நாடோடி மன்னன்’ காலத்தில் பி.ஆர்.ஓ. வேலையைத் தொடங்கிய பிலிம் நியூஸ் ஆனந்தன், தயாரிப்பாளர்களிடம் கேட்டு வாங்கிய ஸ்டில்லையும் விவரத்தையும் தன் வீட்டிலேயே அடுக்கிக்கொண்டு போனார். எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது என்ற சந்தேகம் வந்தால் சென்னைப் பத்திரிகை ஆபீஸ்கள் எல்லாம் அவருக்குத்தான் போன் போடும். பின்னாளில் அவர் சேகரிப்பை அரசு வாங்கிக்கொண்டது. 2004-ல் அவர் எழுதிய தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும் புத்தகமாக வந்தது. 2016-ல் காலமானார். ஒரு நகரத்தின் முக்கியத் தொழிலுக்கு ஒரு தனி மனிதரின் வீடு ஆவணக் காப்பகமாக இருந்தது என்றால், அது அவருக்குப் பெருமை, நகரத்துக்கு அவமானம்.

இனி பெட்டியின் சாவு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் பெட்டி விநியோகஸ்தர் குடோனுக்குத் திரும்பும். சென்னையின் வெயிலும் கடற்காற்றின் ஈரமும் பிலிமுக்கு எமன். அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து வினிகர் நெடி வீசத் தொடங்கும், சுருங்கும், நெளியும். ஒரு டப்பாவுக்கு வந்தால் பக்கத்து டப்பாவையும் பிடிக்கும். கலர் பிரிண்டில் வேறு வியாதி: நீலமும் மஞ்சளும் வெளிறி, கடைசியில் வானம், வயல், கதாநாயகி எல்லாம் ஒரே ரோஸ் நிறம். குடோன் வாடகை ஏறும், பெட்டியை உடைத்து விற்றுவிடத் தோன்றும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் உருவமாகத் தெரிவதே வெள்ளித் துகள்தான். கலர் பிரிண்டில் கழுவும்போதே வெள்ளியை எடுத்துவிடுவார்கள், கறுப்பு வெள்ளையில் அது அப்படியே தங்கிவிடும். ஆகவே பழைய படம் எவ்வளவு பழசோ, உடைத்து விற்பதற்கு அவ்வளவு லாபம். வெள்ளியை எடுத்துவிட்டு மிஞ்சிய தகட்டை வளையல் பண்ணக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் ஏதோ ஒரு பெண் கையில் ஏதோ ஒரு பாகவதர் படம் குலுங்கியிருக்கும்.

தப்பித்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ் 1933-ல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடைக்காரர் வழக்குப் போட்டார். திரையிட்டவுடனேயே கோர்ட் ஆணைப்படி பெட்டி பறிமுதல். தயாரிப்பாளர் நொடித்துப்போனார், பெட்டி புத்தகக் கடையில் கிடந்தது. நாற்பது வருஷம் கழித்து, 1974-ல், புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் அதைக் கண்டெடுத்தது. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் கிட்டத்தட்ட முழுதாக நமக்குக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான். ஊர் ஊராகச் சுற்றியிருந்தால் தேய்ந்து ஒழிந்திருக்கும். வழக்கில் மாட்டிக்கொண்டதால் பிழைத்தது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ நன்றாக ஓடியது, இன்று இல்லை. ஓடிய படம் அழியும், முடங்கிய படம் வாழும் என்பதுதான் பெட்டி உலகத்தின் தர்மம்.

1964-ல் பி.கே. நாயரின் உழைப்பில் எழுந்த அந்தப் புனே காப்பகம் பிற்பாடு பெங்களூர், கல்கத்தா, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களில் மண்டல அலுவலகம் வைத்தது. நாலு தென்னிந்திய மொழிகளுக்கும் பெட்டி செய்து அனுப்பிய சென்னையில் வைக்கவில்லை. வைக்கும்படி இங்கிருந்து யாரும் மல்லுக்கட்டவும் இல்லை. முதலமைச்சர் நாற்காலியில் திரைக்கதை எழுதியவரும் நடித்தவர்களும் பல பத்தாண்டுகள் உட்கார்ந்த மாநிலம் இது. சிலைகள் வைத்தோம், தெருக்களுக்குப் பெயர் வைத்தோம். பெட்டியை வைக்க ஒரு குளிர் அறை கட்டவில்லை. புனேயிலும் எல்லாம் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. 2003 ஜனவரியில் அங்கே நைட்ரேட் கிடங்கு தீப்பிடித்துப் பழைய படங்கள் ஏராளமாகச் சாம்பலாயின. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெட்டியின் தொழில் சத்தமில்லாமல் முடிந்தது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனம் 2005 வாக்கில் கியூப் என்ற டிஜிட்டல் முறையைக் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்தது. ஏழெட்டு வருஷத்தில் பிலிம் புரொஜெக்டர்கள் மூலைக்குப் போயின. 2012-ல் கோடக் திவால் மனு போட்டது, அடுத்த வருஷம் ஃபியூஜி சினிமா பிலிம் செய்வதை நிறுத்தியது. கோடம்பாக்கம் லேப்கள் ஒவ்வொன்றாகக் கழுவும் தொட்டிகளைக் காலி செய்தன. இப்போது படம் ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட் வழியாகவோ போகிறது. திறப்பதற்கு மட்டும் ஒரு டிஜிட்டல் சாவி வேண்டும். இன்ன கொட்டகை, இன்ன மணி முதல் இன்ன மணி வரை என்று அதில் பூட்டியிருக்கும். பைனான்சியர் பாக்கி மட்டும் பழையபடியே. ரிலீஸ் நாள் காலையில் கூட்டம் கத்தினால் மேனேஜர் இப்போது சொல்வது, “கீ வரல.”

டிஜிட்டலால் பழைய பெட்டிகளுக்கு ஒரு நல்லதும் நடந்தது. 2012-ல் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, நாற்பத்தெட்டு வருஷப் பழைய படத்துக்கு வாரக்கணக்கில் கூட்டம் வந்தது. அதைப் பார்த்துப் பலர் பழைய படங்களைத் தூசி தட்டினார்கள். நல்ல நெகட்டிவ் எங்கே என்று தேடும்போதுதான் பலருக்கு விஷயம் உறைத்தது. கம்ப்யூட்டர் கீறலை அழிக்கும், நிறத்தைத் திருத்தும். இல்லாத ரீலை உண்டாக்கித் தராது.

சென்னையில் ஒரு பொது பிலிம் காப்பகம் வேண்டும். கட்டடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை; குளிரும் உலர்ந்த காற்றும் இருபத்துநாலு மணி நேரமும் நிற்காமல் கிடைத்தால் போதும். தரமணியில் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, பிலிமைச் சுத்தம் செய்யவும் ஸ்கேன் செய்யவும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், கேளிக்கை வரியாக இத்தனை வருஷம் வசூலித்த அரசும் இருக்கிறது. ஒரு பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் தொடங்கிவிடலாம்.

அது வரும் வரை வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூடிய கொட்டகையின் ஆபரேட்டர் ரூமிலோ, விநியோகத் தொழில் செய்த தாத்தா வீட்டுப் பரணிலோ பெட்டி ஏதாவது கிடந்தால் அதை விளையாட்டுக்குக்கூட மிஷினில் மாட்டிப் பார்க்காதீர்கள். 1950-களுக்கு முந்தையது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். புளித்த வினிகர் நெடி வந்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காமல் போட்டோ எடுத்துப் புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் கிடைத்தால் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப்பாருங்கள். எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.